கன்னத்தில் போடும் ஊசி புற்றுநோயைப் பரப்புமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் சங்ககிரி பக்கம். அப்பாவுக்கு 48 வயது, லாரி ஓட்டுநர். பல வருடங்களாக மாவா போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதை விட்டுவிட்டு, புகையிலை கலக்காத வாசனைப் பாக்கு மட்டும் போடுகிறார். வாய் சரியாகத் திறப்பதில்லை. ரசம் பட்டால்கூட எரிகிறது என்கிறார். பல் மருத்துவர் பார்த்துவிட்டு 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' (கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசு இறுகும் நோய்) என்று சொல்லி, வாரம் ஒரு ஊசி கன்னத்தின் உட்புறம் போடுகிறார். ஸ்டீராய்டும் 'ஹையலூரோனிடேஸ்' என்ற நொதியும் கலந்த ஊசி அது. நான் உயிர்வேதியியல் படிக்கிறேன். செல்களைச் சுற்றியுள்ள மேட்ரிக்ஸைக் கரைக்கும் நொதிகள்தான் புற்றுநோய் பரவ வழிவிடுகின்றன என்று பாடத்தில் இருக்கிறது. ஒரு காணொளியிலும் அதையே சொன்னார்கள். அப்படியிருக்கும்போது அதே வகை நொதியை ஊசியில் ஏற்றலாமா? டாக்ஸிசைக்ளின் மாத்திரை இந்த நொதிகளைத் தடுக்குமாம். அதை வாங்கிக் கொடுக்கட்டுமா? கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு புண் ஒன்றரை மாதமாக ஆறாமல் இருக்கிறது. பல் குத்துவதால்தான் என்று அப்பா சொல்கிறார். ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடிதம் முழுக்க நொதிகள். புண்ணைப் பற்றி இரண்டே வரிகள். நான் அந்த இரண்டு வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாக்குப் பழக்கம் உள்ளவர் வாயில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் ஒரு புண் ஆறாமல் நின்றால், பல் குத்தியதா, சூடு பட்டதா என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு. முதலில் அதிலிருந்து துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டும். கூரான பல்லைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று நாங்கள் சிலருக்குச் சொல்வதுண்டு. உங்கள் அப்பா அந்தக் கெடுவைத் தாண்டி வெகு நாளாகிவிட்டது.

ஊசி போடும் மருத்துவருக்கு இந்தப் புண் தெரியுமா? தெரியாமல் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டு விரல்கூட நுழையாத வாயில், கடைவாய்க்குப் பின்னால் இருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. நோயாளிகளும் தாமாகச் சொல்வதில்லை. எனவே நாளைக்கே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பயாப்ஸி முடிவு வரும்வரை அடுத்த ஊசி வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. புற்றுநோய் இருக்கும் இடத்திலோ, இருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடத்திலோ ஹையலூரோனிடேஸைச் செலுத்தக் கூடாது என்று அந்த மருந்தின் பயன்பாட்டுக் குறிப்புகளே எச்சரிக்கின்றன. ஆனால் காணொளி சொல்வதுபோல 'மேட்ரிக்ஸைக் கரைப்பதெல்லாம் புற்றுநோய்க்கு உதவும், கரைப்பதைத் தடுத்தால் புற்றுநோய் நிற்கும்' என்று எடுத்துக்கொண்டால், உங்கள் அப்பாவின் நோயை முற்றிலும் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் படிக்கும் பாடத்துக்கும் உதவும்.

செல்களைத் தாங்கி நிற்கும் வலையான மேட்ரிக்ஸை ஒரு கயிற்றுக் கட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள்தான் கயிறு. கயிறுகள் சந்திக்கும் இடங்களில் முடிச்சுப் போட்டு இறுக்குவதற்கு ஒரு நொதி இருக்கிறது: லைசில் ஆக்ஸிடேஸ். நைந்த கயிற்றை அறுத்து எடுப்பதற்கு வேறொரு நொதிக் கூட்டம்: மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்கள். பெயர் நீளம் என்பதால் எம்.எம்.பி. என்றே எல்லோரும் சொல்கிறோம். மனித உடலில் இவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துத்தநாக அயனி உட்கார்ந்து வெட்டும் வேலையைச் செய்கிறது. வெட்டு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள 'டிம்ப்' என்ற தடுப்பான்கள் நான்கு. புண் ஆறுவது, எலும்பு வளர்வது, கருப்பை மாதாமாதம் தன் உள்வரியைக் கழிப்பது எல்லாமே இந்த அறுப்பும் முடிச்சும் ஒழுங்காக நடப்பதால்தான்.

எம்.எம்.பி. குடும்பத்தின் முதல் நொதி அகப்பட்ட இடம் ஒரு தவளைக்குஞ்சின் வால். தலைப்பிரட்டை தவளையாகும்போது அவ்வளவு பெரிய வால் எங்கே போகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, 1962-இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியேரும் அந்த வால் திசுவைக் கொலாஜன் ஜெல்லின்மேல் வளர்த்தார்கள். திசுவைச் சுற்றி ஜெல் கரைந்துபோனது. அதிலிருந்துதான் கொலாஜனேஸ், அதாவது கொலாஜனை வெட்டும் நொதி, என்ற சொல்லே விலங்கு உடலைப் பற்றிய ஆய்வில் நிலைபெற்றது. புற்றுநோய் அப்போது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

புற்றுநோய்க்கு அந்தக் கதை வந்து சேர இன்னும் பதினெட்டு வருடங்கள் ஆயின. நம் தோலுக்கும் வாயின் உள்தோலுக்கும் அடியில் அடித்தளச் சவ்வு என்று ஒன்று ஓடுகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேல்தோல் செல்கள் இந்தச் சவ்வுக்கு மேலேயே இருக்க வேண்டும் என்பது உடலின் சட்டம். செல்கள் கெட்டுப்போய்ப் பெருகினாலும், சவ்வைத் தாண்டாதவரை அது பரவும் புற்றுநோய் ஆகாது. தாண்டிவிட்டால் கீழே ரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் காத்திருக்கின்றன. இந்தச் சவ்வின் முக்கியப் பொருள் நான்காம் வகைக் கொலாஜன். அதை வெட்டும் திறன் அதிகமுள்ள புற்றுச் செல்கள்தான் சோதனை எலிகளில் அதிகமாகப் பரவுகின்றன என்று 1980-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் லான்ஸ் லியோட்டா குழு காட்டியது. உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் வரியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: வெட்டும் நொதியைத் தடுத்துவிட்டால்? 1990-களில் மருந்து நிறுவனங்களுக்கும் அதுதான் தோன்றியது. பிரிட்டிஷ் பயோடெக் நிறுவனத்தின் மாரிமாஸ்டாட், பேயரின் டானோமாஸ்டாட் என்று வரிசையாக மாத்திரைகள் வந்தன. எலிகளில் அருமையாக வேலை செய்தன. மனிதர்களிடம் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மாரிமாஸ்டாட் சாப்பிட்டவர்களுக்குத் தோள்மூட்டும் விரல் மூட்டுகளும் வலித்து இறுகின. நோய் எதிர்பார்த்தபடி அடங்கவில்லை. டானோமாஸ்டாட்டின் கதை இன்னும் மோசம். நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையில், மருந்து எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மோசமான நிலைக்குப் போனதால், 1999-இல் சோதனையையே நிறுத்தினார்கள்.

எங்கே தவறியது? காரணங்கள் பல. அந்த மருந்துகளை, நோய் ஏற்கெனவே எங்கெங்கோ பரவி முடிந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்தார்கள்; வேலி தாண்டிய மாட்டுக்கு வேலி கட்டி என்ன பயன்? அதைவிட முக்கியமானது, எல்லா எம்.எம்.பி.யும் ஒரே கட்சி இல்லை என்பது. எட்டாம் எண் எம்.எம்.பி. இல்லாமல் பிறக்கவைத்த ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் குறையும் என்று நினைப்பீர்கள். 2003-இல் ஸ்பெயினின் ஓவியேதோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது கூடியிருந்தன. அந்த நொதி உடலைக் காத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் எண் நொதியோ, மேட்ரிக்ஸில் கட்டுண்டு கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளை விடுவித்து, கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்க உதவுகிறது. வெட்டுவது அதன் வேலையில் பாதிதான். இன்னொரு விஷயமும் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது: இந்த நொதிகளில் பெரும்பகுதியைச் சுரப்பது புற்றுச் செல்லே இல்லை. பக்கத்தில் இருக்கும் நார்ச்செல்களும் (கொலாஜனை உண்டாக்கும் செல்கள்) வெள்ளணுக்களும்தான் சுரக்கின்றன. புற்றுச் செல் அவற்றை ஏவிவிடுகிறது.

இதுவரை அறுக்கும் கதை. உங்கள் அப்பாவின் வாயில் நடப்பது முடிச்சுப் போடும் கதை.

பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் நார்ச்செல்களைத் தூண்டிக் கொலாஜனை அதிகமாக உற்பத்தி செய்யவைக்கிறது. சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் வந்த திசுவில் லைசில் ஆக்ஸிடேஸ் கூடியிருக்கிறது, கொலாஜனை வெட்டும் நொதியின் வேலை குறைந்திருக்கிறது, அதைத் தடுக்கும் டிம்ப் மிகுந்திருக்கிறது. கயிறும் கூடுகிறது, முடிச்சும் கூடுகிறது, அறுப்பாரும் இல்லை. கன்னத்தின் உள்ளே விரலை வைத்துத் தடவினால் மேலிருந்து கீழாக ஓடும் பட்டைகள் நரம்புபோலத் தட்டுப்படும். உட்புறம் பளிங்குபோல வெளிறியிருக்கும். லைசில் ஆக்ஸிடேஸ் வேலை செய்யச் செம்பு வேண்டும், பாக்கில் செம்பு அதிகம் என்பதையும் ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வீட்டுச் செம்புக் குடத்தைப் பரணில் ஏற்றாதீர்கள். அப்பா மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கியது குடத்தை இல்லை.

இந்த இறுக்கம் வாயைத் திறக்கவிடாமல் செய்வதோடு முடிந்தால் பரவாயில்லை. இறுகிய மேட்ரிக்ஸும் புற்றுநோய்க்கு உகந்த நிலம்தான். பிராணவாயு குறைந்த கட்டிகள் லைசில் ஆக்ஸிடேஸைச் சுரந்து தொலைதூரம் பரவ வழி தேடுகின்றன என்று 2006-இலும், மார்பகத் திசுவில் கொலாஜன் முடிச்சுகள் கூடி இறுகும்போது செல்கள் ஊடுருவும் குணம் பெறுகின்றன என்று 2009-இலும் ஆய்வுகள் வந்தன. சரி, முடிச்சைத் தடுத்துப் பார்ப்போம் என்று இந்தக் குடும்ப நொதி ஒன்றுக்கு எதிராக சிம்டுசுமாப் என்ற மருந்தைச் செய்து கணையப் புற்றுநோயிலும் பெருங்குடல் புற்றுநோயிலும் கொடுத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. அறுப்பதை நிறுத்தியும் தோல்வி, முடிச்சை நிறுத்தியும் தோல்வி. ஒரு நொதியின் பெயரைச் சொல்லி 'இது நல்லது, இது கெட்டது' என்று காணொளியில் அடித்துப் பேசுகிறவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இந்த இரண்டு அனுபவங்கள்தான்.

பாக்கு நோய்க்குத் திரும்புவோம். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் உள்ள 66 பேரை 17 ஆண்டுக் காலத்தில் தொடர்ந்து கவனித்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 1985-இல் வெளியானது. அவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப்புற்று வந்தது. பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் ஆறாத புண் ஒன்று வந்துவிட்ட ஒருவரை இந்தச் சராசரியை வைத்துத் தேற்ற முடியாது.

இனி ஊசி. ஹையலூரோனிடேஸ் கொலாஜனைத் தொடுவதில்லை. இழைகளுக்கு நடுவே கூழாக நிரம்பியிருக்கும் ஹையலூரோனிக் அமிலத்தைத்தான் அது கரைக்கிறது. கூழ் இளகினால் கூடவே போன ஸ்டீராய்டு இறுகிய திசுவுக்குள் பரவ முடியும். அதன் வேலை சில நாளில் தீர்ந்துவிடும். கூழை உடல் மறுபடி நிரப்பிக்கொள்ளும். புற்றுநோய் இல்லாத கன்னத்தில், வெறும் இறுக்கத்துக்காக இதைப் போடுவது நெடுநாள் வழக்கத்தில் உள்ள சிகிச்சை. எரிச்சல் குறையும், வாய் சில மில்லிமீட்டர் கூடுதலாகத் திறக்கும். அதற்கு மேல் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு வியப்பாக இருக்கலாம், இதே நொதியைப் புற்றுநோய்க்கு மருந்தாகவே கொடுத்தும் பார்த்தார்கள். கணையப் புற்றுநோய்க் கட்டியில் ஹையலூரோனிக் அமிலம் மிகுந்து உள்ளே மருந்து போகாமல் நெருக்குகிறது. அதைக் கரைத்தால் மருந்து நுழையும் என்பது யோசனை. நோயாளிகளின் ரத்தத்தில் செலுத்திய அந்த முயற்சி 2019-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. இன்னொரு பக்கம், மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்தை, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றாமல் தொடையில் சில நிமிடத்தில் ஊசியாகப் போட, இதே நொதியைக் கலந்த வடிவத்துக்கு அமெரிக்காவில் 2019-இல் ஒப்புதல் கிடைத்தது. இன்று பயன்பாட்டிலும் இருக்கிறது. கட்டி இருக்கும் இடத்திலிருந்து தள்ளி, தோலடியில் போடப்படுவதால் அங்கே கவலை இல்லை. புண் உள்ள கன்னத்தில், அந்தப் புண் என்னவென்று தெரியாமல் போடுவதுதான் கூடாது. உங்கள் கேள்விக்கான பதில் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

டாக்ஸிசைக்ளின் வேண்டாம். காணொளிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. அந்த மாத்திரைக்கு எம்.எம்.பி. நொதிகளைத் தடுக்கும் குணம் உண்டு. 20 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் ஈறு நோய்க்கு அதைப் பயன்படுத்த 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஈறு நோய்க்கு. புற்றுநோயைத் தடுக்கும் மருந்தாக அது நிரூபிக்கப்படவில்லை. உங்கள் அப்பாவின் கன்னத்திலோ கொலாஜனை வெட்டும் நொதி ஏற்கெனவே போதவில்லை. மிச்சமிருப்பதையும் தடுத்து என்ன செய்யப்போகிறோம்? போதாக்குறைக்கு அது ஒரு ஆன்டிபயாடிக். வெயில் பட்டால் தோல் கன்றிப்போகும், தண்ணீர் போதாமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். நாளெல்லாம் வெயிலில் ஸ்டியரிங் பிடிக்கும் மனிதருக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கிற சமாச்சாரமா இது?

வாசனைப் பாக்கைப் பற்றி அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். இந்த நோய் வருவதற்குப் புகையிலை தேவையே இல்லை, பாக்கு போதும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் பாக்கையே, புகையிலை சேராத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்திருக்கிறது. ஆக, மாவாவை விட்டதற்கு அப்பாவைப் பாராட்டுங்கள், ஆனால் பொட்டலத்தையும் விடச் சொல்லுங்கள். இரவு ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்கத்தான் போடுகிறேன் என்பார். லாரிக்காரர்கள் எல்லோரும் என்னிடம் சொல்வது அது. பாக்கு விழிப்பைத் தருவது உண்மைதான், அதனால்தான் விடுவது கடினம். இரவு லோடைச் சில மாதம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பது, அறிவுரையைவிடப் பலன் தரும்.

பயாப்ஸி என்றதும் வீட்டில் ஒரு குரல் எழும்: 'கத்தி பட்டால் பரவிடும்.' அத்தையோ சித்தப்பாவோ கட்டாயம் சொல்வார்கள். மரக்கச்செய்து, புண்ணின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் துணுக்கு எடுப்போம், ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். நோயைக் கத்தி பரப்புவதில்லை; அந்தப் பேச்சுக்குப் பயந்து கடத்தும் மாதங்களில்தான் அது வளர்கிறது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். அங்கே பல் மருத்துவப் பிரிவில் காட்டலாம். சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும் என்பதால், குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அறிக்கை வந்ததும் நீங்களே படித்துப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதில் அடித்தளச் சவ்வு முழுதாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்ற வரியைத் தேடுங்கள். முழுதாக இருந்து, செல்கள் மட்டும் மாறுபட்டிருந்தால் 'டிஸ்பிளேசியா' என்று எழுதியிருப்பார்கள். அதற்கு வேறு கவனிப்பு. உடைந்து உள்ளே போயிருந்தால், எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதைச் சவ்வு இருந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள். வாய்ப்புற்றில் இன்று இந்த ஆழத்துக்குப் பெரிய மரியாதை: 5 மில்லிமீட்டருக்குள் இருப்பதும் 10-ஐத் தாண்டுவதும் வேறு வேறு நிலைகளாகக் கணக்கிடப்படுகின்றன. சிறிய துணுக்கில் முழு ஆழமும் தெரியாது. அது ஸ்கேனிலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும்தான் உறுதியாகும்.

புற்றுநோய் இல்லை என்று வந்தால், ஊசியைத் தொடர்வதா என்று அந்த மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். தொடர்வதில் எனக்கு மறுப்பு இல்லை. புண் ஆறிய பிறகு ஐஸ் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி வாயைத் திறக்கப் பழகுவதையும் அவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும்.

முதலில் புண். இந்த வாரத்துக்குள்.